இந்தியாவில் கப்பல் கொள்ளளவு வரி

கப்பல் கொள்ளளவு வரி என்பது ஒரு கப்பல் நிறுவனம் உண்மையில் ஈட்டிய இலாபத்தைப் பார்க்காமல், அது இயக்கும் கப்பல்களின் கொள்ளளவைக் கொண்டு அதன் வருமானத்தைக் கணக்கிடும் முறையாகும். கப்பல் தொழிலில் இது டன்னேஜ் வரி என்றே வழங்கப்படுகிறது. பெயரில் வரி என்று இருந்தாலும் இது தனி வரி அன்று. வருமான வரிக்குள் அமைந்த ஒரு மாற்றுக் கணக்கு முறை. இதைத் தேர்ந்தெடுக்கும் நிறுவனத்தின் வரிச்சுமை பெரிதும் குறைகிறது. அதற்கு ஈடாக, இலாபத்தில் ஒரு பகுதியைப் புதிய கப்பல் வாங்க ஒதுக்குவதும், இளம் அலுவலர்களுக்குக் கப்பலில் பயிற்சி அளிப்பதும் அந்நிறுவனத்தின் கடமையாகின்றன.

இந்தியாவில் இம்முறை 2004ஆம் ஆண்டின் இரண்டாம் நிதிச் சட்டத்தின் மூலம் கொண்டுவரப்பட்டு, 2005-06 மதிப்பீட்டு ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 12-ஜி அத்தியாயம், 115வி முதல் 115விஇசட்சி வரையிலான பிரிவுகள் இதற்குரியவை. அச்சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்ட 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திலும் இம்முறை தொடர்கிறது. இக்கட்டுரையில் குறிப்பிடப்படும் பிரிவுகள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியானவை.

நிகர டன்

இங்கு டன் என்பது எடையைக் குறிப்பதில்லை. கப்பலின் மூடப்பட்ட பகுதிகள் அனைத்தின் பருமனிலிருந்து பெறப்படும் அளவு மொத்த டன் ஆகும். சரக்கும் பயணிகளும் இடம்பெறும் பகுதியை, அதாவது வருவாய் ஈட்டும் இடத்தை அடிப்படையாகக் கொண்ட அளவு நிகர டன் ஆகும். கப்பல் அளவீட்டுக்கான 1969ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கை இவ்விரு அளவுகளையும் வரையறுத்தது. அது 1982இல் நடைமுறைக்கு வந்தது. கொள்ளளவு வரி நிகர டன்னை அடிப்படையாகக் கொண்டது. கப்பலின் அளவுச் சான்றிதழில் உள்ள எண்ணே வரிக் கணக்கின் தொடக்கம் என்பதால், வரித் துறைக்கும் நிறுவனத்துக்கும் இடையே அந்த எண்ணைப் பற்றி வழக்கெழ இடம் குறைவு.

தோற்றம்

கப்பல் தொழிலின் வருமானம் ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் ஏறி இறங்கும். நிலக்கரி, இரும்புத் தாது, தானியம் போன்றவற்றை ஏற்றும் கப்பல்களின் வாடகைப் போக்கைக் காட்டும் பால்டிக் உலர்சரக்குக் குறியீடு 2008 மே மாதத்தில் 11,793 புள்ளிகளைத் தொட்டது; அதே ஆண்டு திசம்பரில் 663 புள்ளிகளுக்கு வீழ்ந்தது. கப்பல் என்னும் சொத்தை ஒரு நாட்டின் கொடியிலிருந்து இன்னொரு நாட்டின் கொடிக்கு மாற்றுவதும் எளிது. வரி மிகுந்த நாட்டில் பதிந்த கப்பல்கள் வரி இல்லாத நாடுகளுக்குச் சென்றுவிடும் நிலை இதனால் ஏற்பட்டது.

இதற்கு விடையாகக் கிரேக்கம் 1957 முதலே கொள்ளளவை அடிப்படையாகக் கொண்ட வரியை விதித்து வந்தது. நெதர்லாந்து 1996இலும் பிரித்தானியா 2000இலும் தத்தம் முறைகளைத் தொடங்கின. வரிச் சலுகையைக் கப்பல் அலுவலர் பயிற்சியோடு பிணைத்தது பிரித்தானிய முறையின் சிறப்பு. இந்தியச் சட்டத்திலும் அப்பிணைப்பு இடம்பெற்றது.

இந்தியாவில் ராகேஷ் மோகன் தலைமையிலான வல்லுநர் குழு 2002இல் இம்முறையைப் பரிந்துரைத்தது. 2004 சூலையில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் தாக்கல் செய்த வரவு செலவுத் திட்டத்தை அடுத்து இது சட்டமானது. அப்போது கப்பல் துறை அமைச்சராக இருந்தவர், மயிலாப்பூர், தியாகராய நகர் பகுதிகள் அடங்கிய தென்சென்னை மக்களவைத் தொகுதியின் உறுப்பினர் த. ரா. பாலு.

தகுதி

இந்தியாவில் பதிவு பெற்று, பயனுறு மேலாண்மை இந்தியாவில் அமைந்து, கப்பல் இயக்குவதையே முதன்மை நோக்கமாகக் கொண்ட நிறுவனம் இம்முறைக்குத் தகுதி பெறும். அது தகுதியுள்ள கப்பல் ஒன்றையேனும் சொந்தமாக வைத்திருக்க வேண்டும். கப்பல்கள் அனைத்தையும் வாடகைக்கு எடுத்து இயக்கும் நிறுவனம் இதில் சேர முடியாது.

தகுதியுள்ள கப்பல் என்பது குறைந்தது 15 நிகர டன் கொண்ட, கடலில் செல்லும் கப்பல். மீன்பிடிக் கலங்கள், உல்லாசப் படகுகள், துறைமுகத்திலும் ஆற்றிலும் ஓடும் பயணிகள் படகுகள், கடலில் நிறுவப்பட்ட எண்ணெய் மேடைகள் போன்றவை இதில் அடங்கா. 2025ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், 2021ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தின்கீழ் பதிவான கலங்களுக்கும் இச்சலுகையை விரிவுபடுத்தியது.

கணக்கிடும் முறை

கப்பலின் நிகர டன் முதலில் 100இன் மடங்காக முழுமையாக்கப்படும். பின்னர் ஒரு நாளுக்குரிய வருமானம் படிநிலைகளின்படி கணக்கிடப்படும். 2012ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் உயர்த்திய வீதங்கள் பின்வருமாறு:

1,000 டன் வரை: ஒவ்வொரு 100 டன்னுக்கும் 70 ரூபாய்.
1,000க்கு மேல் 10,000 டன் வரை: 700 ரூபாயுடன், 1,000க்கு மேற்பட்ட ஒவ்வொரு 100 டன்னுக்கும் 53 ரூபாய்.
10,000க்கு மேல் 25,000 டன் வரை: 5,470 ரூபாயுடன், 10,000க்கு மேற்பட்ட ஒவ்வொரு 100 டன்னுக்கும் 42 ரூபாய்.
25,000 டன்னுக்கு மேல்: 11,770 ரூபாயுடன், 25,000க்கு மேற்பட்ட ஒவ்வொரு 100 டன்னுக்கும் 29 ரூபாய்.

தொடக்கத்தில் இவ்வீதங்கள் முறையே 46, 35, 28, 19 ரூபாயாக இருந்தன. கப்பல் பெரிதாகப் பெரிதாக ஒரு டன்னுக்குரிய வருமானம் குறைவதை இப்படிநிலைகள் காட்டுகின்றன. நாள் வருமானத்தை, அந்த ஆண்டில் நிறுவனம் கப்பலை இயக்கிய நாட்களால் பெருக்கினால் அக்கப்பலின் ஆண்டு வருமானம் கிடைக்கும். எல்லாக் கப்பல்களின் தொகையும் சேர்ந்ததே நிறுவனத்தின் கொள்ளளவு வருமானம். அதன் மீது வழக்கமான நிறுவன வரி வீதம் பொருந்தும்.

எடுத்துக்காட்டு

30,000 நிகர டன் கொண்ட ஒரு கப்பலை ஆண்டு முழுதும் இயக்கும் நிறுவனம் ஒன்றைக் கருதலாம். ஒரு நாளுக்கு 11,770 ரூபாயும், எஞ்சிய 5,000 டன்னுக்கு 1,450 ரூபாயும் சேர்ந்து 13,220 ரூபாய் ஆகும். 365 நாட்களுக்கு இது 48,25,300 ரூபாய். வரி வீதம் 25 விழுக்காடு எனக் கொண்டால், மேல்வரிகள் நீங்கலாக வரி 12,06,325 ரூபாய்.

அதே நிறுவனம் அந்த ஆண்டில் 20 கோடி ரூபாய் இலாபம் ஈட்டியிருந்தால், வழக்கமான முறையில் 5 கோடி ரூபாய் வரி வந்திருக்கும். கொள்ளளவு முறையில் 12 இலட்சம் ரூபாயே வரி. ஆனால் இலாபத்தில் 20 விழுக்காடான 4 கோடி ரூபாயைக் கப்பல் வாங்குவதற்கென ஒதுக்கியாக வேண்டும். வரியாக அரசுக்குப் போயிருக்கக்கூடிய பணத்தின் பெரும்பகுதி நிறுவனத்திடமே தங்குகிறது. ஆனால் அதைப் பங்காதாயமாகப் பிரித்துக் கொடுக்க முடியாது.

மறுபுறம், அந்நிறுவனம் 20 கோடி ரூபாய் நட்டம் அடைந்தாலும் அதே 12 இலட்சம் ரூபாயைச் செலுத்த வேண்டும். வழக்கமான முறையில் அந்த ஆண்டு வரி இல்லை. நட்டத்தை அடுத்த ஆண்டுகளின் இலாபத்தில் கழித்துக்கொள்ளவும் முடியும். கொள்ளளவு முறையில் அவ்வழி மூடப்படுகிறது. எரிபொருள், சம்பளம், வட்டி, தேய்மானம் என எச்செலவையும் தனியே கழிக்க இயலாது. அவையெல்லாம் ஏற்கெனவே கழிக்கப்பட்டுவிட்டதாகவே சட்டம் கொள்கிறது.

உள்ளடங்கும் வருமானமும் அடங்காததும்

தகுதியுள்ள கப்பல்களை இயக்குவதும், அதனோடு பிணைந்த கப்பல் ஒப்பந்தங்கள், கொள்கலன் வாடகை, துணைக்கப்பல் சேவை போன்றவையும் மையச் செயற்பாடுகள் எனப்படும். இவற்றின் வருமானம் முழுதும் கொள்ளளவு வருமானத்துக்குள் அடங்கும். கடல்சார் ஆலோசனைக் கட்டணம், பிறர் கப்பல்களை மேலாண்மை செய்வதற்கான கட்டணம், கடல்சார் கல்விக் கட்டணம், சரக்கு ஏற்றி இறக்கும் வருமானம் ஆகியவை துணைச் செயற்பாடுகள். இவை மையச் செயற்பாடுகளின் விற்றுமுதலில் 0.25 விழுக்காடு வரை மட்டுமே உள்ளடங்கும். அதற்கு மேற்பட்ட பகுதிக்கு வழக்கமான வரி உண்டு.

கப்பலை விற்பதால் வரும் மூலதன ஆதாயம் தனியே வரிக்கு உட்படும். ஆகவே கப்பல் தொழிலுக்கும் பிற தொழில்களுக்கும் தனித்தனிக் கணக்கேடுகள் வைத்திருப்பது கட்டாயம். கொள்ளளவு முறைக்குள் வரும் இலாபத்துக்குக் குறைந்தபட்ச மாற்று வரி இல்லை.

நிபந்தனைகள்

இம்முறையைத் தேர்ந்தெடுக்கும் நிறுவனம் பத்தாண்டுகள் அதிலிருக்க வேண்டும். இலாபம் வரும் ஆண்டில் உள்ளே வந்து, நட்டம் வரும் ஆண்டில் வெளியேறுவதைத் தடுப்பதே இதன் நோக்கம். இடையில் தானாக விலகினாலோ விதிமீறலால் விலக்கப்பட்டாலோ அடுத்த பத்தாண்டுகளுக்கு மீண்டும் சேர முடியாது.

ஒதுக்கீட்டுக் கணக்கில் சேரும் தொகையை எட்டு ஆண்டுகளுக்குள் புதிய கப்பல் வாங்கப் பயன்படுத்த வேண்டும். இங்கு புதிய கப்பல் என்பதில், இந்தியாவில் வசிப்பவர் எவரும் முன்பு சொந்தமாக வைத்திராத பழைய வெளிநாட்டுக் கப்பலும் அடங்கும். தொகையை வேறு வழியில் செலவிட்டால் அதற்கேற்ற அளவு வருமானம் வழக்கமான வரிக்கு உட்படும். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து ஒதுக்கீடு செய்யாத நிறுவனம் இம்முறையிலிருந்து நீங்கும்.

கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் வகுத்த நெறிகளின்படி பயிற்சி அலுவலர்களுக்குக் கப்பலில் இடமளிப்பது மற்றொரு நிபந்தனை. அதற்கான சான்றிதழை வருமான விவர அறிக்கையோடு சேர்க்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து தவறினால் தகுதி போய்விடும். வரிச் சட்டத்தில் காணப்படும் இவ்விதி மாணவர்களின் வாழ்வோடு நேரடியாகத் தொடர்புடையது. கடல்சார் கல்வி கற்றவர், படிப்பைப் பொறுத்து 12 மாதமோ 18 மாதமோ கப்பலில் பணியாற்றிய பின்னரே அலுவலர் தகுதித் தேர்வை எழுத முடியும். சென்னை உத்தண்டியில் 2008 முதல் இயங்கும் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகமும் தனியார் கல்லூரிகளும் உள்ள தமிழ்நாட்டில், படித்து முடித்தும் பயிற்சிக்குக் கப்பல் கிடைக்காதவருக்கு அப்படிப்பு பாதியில் நின்றதற்கு ஒப்பாகும்.

வாடகைக் கப்பல்கள்

நிறுவனம் இயக்கும் மொத்த நிகர டன்னில் வாடகைக்கு எடுத்த கப்பல்களின் பங்கு 49 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த ஆண்டுக்குச் சலுகை இல்லை. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து தாண்டினால் நிறுவனம் இம்முறையிலிருந்து நீங்கும். சலுகை சொந்தக் கப்பல்களைப் பெருக்க உதவ வேண்டும் என்பதே இவ்வரம்பின் பொருள்.

வாடகைக் கப்பலுக்கு வேறு வரிச் சிக்கல்களும் உண்டு. தமிழ்நாடு அரசு 1974இல் தொடங்கிய பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம், ஆல்தியா, பாரதீப், விசாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்து மின் நிலையங்களுக்கான நிலக்கரியை எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் கொண்டுவரும் பணியைச் செய்து வருகிறது. இப்பணிக்கு அது வாடகைக் கப்பல்களையும் அமர்த்தியது. கால வாடகைக்கு எடுத்த கப்பலுக்காக வெளிநாட்டு உரிமையாளருக்குக் கொடுத்த தொகை, கருவியைப் பயன்படுத்துவதற்கான உரிமக் கட்டணத்தில் அடங்கும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் அக்கழகத்தின் வழக்கில் தீர்ப்பளித்தது. கொள்ளளவு முறை கப்பலை இயக்கும் இந்திய நிறுவனத்தின் வருமானத்தை மட்டுமே தொடுகிறது என்பதையும், வெளிநாட்டு உரிமையாளர் பெறும் வாடகை வேறு பிரிவுகளின்கீழ் வருகிறது என்பதையும் இவ்வழக்கு காட்டுகிறது.

ஸ்லாட் சார்ட்டர் வழக்கு

பிறருடைய கொள்கலன் கப்பலில் குறிப்பிட்ட அளவு இடத்தை மட்டும் வாடகைக்கு எடுத்துச் சரக்கு அனுப்புவது ஸ்லாட் சார்ட்டர் எனப்படும். இவ்வருமானம் கொள்ளளவு முறைக்குள் வர, இடம் எடுக்கப்பட்ட கப்பலும் தகுதியுள்ள கப்பலாக இருக்க வேண்டும் என்று வருமான வரித் துறை வாதிட்டது. டிரான்சு ஏசியன் சிப்பிங் சர்வீசசு என்னும் நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016இல் இவ்வாதத்தை ஏற்கவில்லை. ஸ்லாட் சார்ட்டருக்குச் சட்டம் கருதுநிலைக் கொள்ளளவு என்னும் தனி அளவை வகுத்திருப்பதே இதற்கு அடிப்படை. விதிகளின்படி 20 அடிக் கொள்கலன்கள் இரண்டரைக்கான இடம் ஒரு நிகர டன்னாகக் கொள்ளப்படும். 1,000 கொள்கலன்களுக்கான இடம் எடுத்தால் அது 400 நிகர டன். ஒரு நாள் வருமானம் 280 ரூபாய்.

விளைவுகள்

இந்தியக் கப்பல் கழகம் உள்ளிட்ட பெரிய நிறுவனங்கள் தொடக்கத்திலேயே இம்முறைக்கு மாறின. வரித் தொகையை முன்கூட்டியே அறிய முடிவதும், பிற நாட்டுக் கப்பல் நிறுவனங்களின் வரிச்சுமைக்கு நிகரான நிலை கிடைத்ததும் இதன் நேரடிப் பயன்கள்.

ஆயினும் இந்தியாவின் வெளிநாட்டு வாணிபச் சரக்கில் இந்தியக் கப்பல்களின் பங்கு மீண்டு எழவில்லை. 1980களின் இறுதியில் சுமார் 40 விழுக்காடாக இருந்த அப்பங்கு, பிற்காலத்தில் பத்து விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. இலாபத்தின் மீதான வரி கப்பல் நிறுவனத்தின் சுமைகளில் ஒன்று மட்டுமே. கப்பலை வாங்கும்போது விழும் சரக்கு மற்றும் சேவை வரி, உள்நாட்டுக் கடனின் வட்டி, கடனைத் திருப்பக் கிடைக்கும் குறுகிய காலம் ஆகியவற்றை இம்முறை தொடுவதில்லை. ஏற்கெனவே கப்பல் வைத்திருப்பவர் அதை இந்தியக் கொடியின்கீழ் தொடர்ந்து இயக்க இது துணைபுரிகிறது. முதல் கப்பலை வாங்க முனைபவருக்கு வேண்டிய மூலதனத்தை இதனால் தர இயலாது.