தலைமேல் வைத்த கை

ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் அரைமணி நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். வழிநெடுக ஆர்.சி. கோயில், சி.எஸ்.ஐ. ஆலயம், புதிது புதிதாக முளைத்த ஜெபவீடுகள். சுவரொட்டிகளில் சிரித்தபடி நிற்கும் போதகர்கள் சிலரின் பெயருக்கு முன்னால் 'பிஷப்' என்றோ 'பேராயர்' என்றோ போட்டிருக்கும். பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர் ஒருமுறை அப்படி ஒரு போஸ்டரைப் பார்த்துவிட்டு, "இவருக்கு யாருங்க பட்டம் கொடுத்தது?" என்று கேட்டார்.

அது ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் கேட்கக்கூடிய கேள்விதான். ஆண்டாள் பிறந்த ஊரில், மணவாள மாமுனிகள் மடத்து ஜீயர் என்றால், அவர் எத்தனையாவது பட்டம் என்பதையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். நாதமுனிகள், ஆளவந்தார், ராமானுஜர் என்று இறங்கி வரும் குருபரம்பரையில் அவரை நிறுத்திப் பார்த்த பிறகுதான் அவருடைய பெருமையெல்லாம்.

கத்தோலிக்கர்களும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறார்கள். இயேசுவின் திருத்தூதர்கள் சிலரின் தலைமேல் கைவைத்து ஜெபித்துப் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அவர்கள் அடுத்தவர்கள்மேல் கைவைத்தார்கள். அந்தக் கை இன்றுவரை எடுபடாமல் வருகிறது. ஆயர் ஒருவரை ஆயர்தான் உருவாக்க முடியும். சாட்சிக்கு ஆள் வேண்டும் என்பதால் குறைந்தது மூன்று ஆயர்களாவது கூடி வரவேண்டும் என்று கி.பி. 325-ல் நிசேயா சங்கமே விதி போட்டது. நம் பாட்டிமார் ஆயரை 'மேற்றிராணியார்' என்பார்கள். குருவாவதைக் 'குருப்பட்டம்' என்பார்கள். பட்டம் என்ற சொல் இரண்டு பக்கமும் பொதுவாக இருப்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இன்றைய கத்தோலிக்க ஆயர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தங்கள் வரிசையைப் பின்னோக்கி எண்ணிக்கொண்டே போனால், 1541-ல் ஆயரான ஷிப்பியோனே ரெபீபா என்ற சிசிலிக்காரரிடம் போய் நின்றுவிடுகிறார்கள். அவர் தலையில் கைவைத்தவர் யார் என்பதற்குப் பதிவு கிடைக்கவில்லை. அதற்கு மேல் நம்பிக்கைதான்.

சரி, ரோமுடன் பிரிந்துபோன ஒருவர் இதே சடங்கை முறைப்படி செய்து வைத்தால்? இந்தக் கேள்வியில் நம் பக்கத்து மனிதர் ஒருவரின் வாழ்க்கையே சிக்கிக்கொண்டது.

அந்தோனியோ பிரான்சிஸ்கோ சேவியர் அல்வாரிஸ். 1836-ல் கோவாவின் வெர்ணா கிராமத்தில் பிறந்தவர். பாதிரியார், பத்திரிகையாளர். காலராவுக்கு வைத்தியம் சொல்லிப் பிரசுரம் போட்டவர். ஏழைகள் பசியாற மரவள்ளி பயிரிடுங்கள் என்று எழுதியவர். அன்றைய கத்தோலிக்க மேலிடத்தையும் போர்ச்சுகீசிய ஆட்சியையும் ஒருசேரச் சீண்டும் பேனா அவருடையது.

அந்தக் காலத்தில் இந்தியக் கத்தோலிக்கர்கள் இரண்டு எஜமானர்களுக்கு நடுவில் இருந்தார்கள். இங்கே குருக்களை நியமிக்கும் உரிமை போர்ச்சுகல் அரசருடையது என்றது ஒரு தரப்பு. இல்லை, அது ரோம் நேரடியாக அனுப்பும் மிஷனரிகளுக்கு என்றது மறு தரப்பு. நம் மதுரை மிஷனும் இதில் தப்பவில்லை. 1838-ல் இங்கே வந்து சேர்ந்த பிரெஞ்சு இயேசு சபையினருக்கும், முன்பிருந்தே ஊழியம் செய்த கோவா குருக்களுக்கும் கோயில் சாவிக்காகவே தகராறு நடந்தது. 1886-ல் போப் பதின்மூன்றாம் லியோவும் போர்ச்சுகலும் ஒப்பந்தம் போட்டு முடித்துக்கொண்டார்கள். ஆனால் கொழும்பிலும் மன்னார் பக்கமும் கோவா குருக்களோடு தலைமுறை தலைமுறையாக ஒட்டியிருந்த சபைகள், எங்களைக் கேட்காமல் எங்களை யாரிடமோ தள்ளிவிட்டீர்களே என்று கொதித்தன. டாக்டர் லிஸ்போவா பிந்தோ என்ற கோவாக்காரர் கொழும்பில் அவர்களைத் திரட்டினார். மக்கள் இருந்தார்கள், கோயில் இருந்தது, மேற்றிராணியார் இல்லை.

ஆயர் இல்லாமல் குருக்கள் இல்லை, குருக்கள் இல்லாமல் பூசை இல்லை. அல்வாரிஸ் கேரளத்துக்குப் போனார். ரோமோடு சேராத, அந்தியோக்கிய மரபில் வந்த சிரியன் ஆர்த்தடாக்ஸ் ஆயர்கள் 1889 ஜூலையில் கோட்டயத்தில் அவர் தலைமேல் கைவைத்தார்கள். அந்தக் கைகளில் ஒன்று, பின்னாளில் புனிதராகப் போற்றப்பட்ட பருமலை திருமேனியுடையது. அல்வாரிஸ் 'மார் ஜூலியஸ்' ஆனார். கோவா, இந்தியா, சிலோனுக்கு மேற்றிராணியார். பூசை முறை பழைய லத்தீன் முறையே.

மூன்று வருடம் கழித்து ஒரு விருந்தாளி வந்தார். ஜோசப் ரெனே விலாத், பாரிஸில் பிறந்து, அமெரிக்காவின் விஸ்கான்சினில் பெல்ஜியம் குடியேறிகளிடையே ஊழியம் செய்தவர். அவருக்கும் ரோமோடு ஒத்துப்போகவில்லை. ஆயராக்கும்படி பல கதவுகளைத் தட்டிப் பார்த்தும் திறக்கவில்லை. அந்தியோக்கிய பாத்திரியார்க்கின் அனுமதியோடு, 1892 மே 29-ல், கொழும்பு புதுக்கடையிலிருந்த நல்மரண மாதா ஆலயத்தில் அல்வாரிஸ் அவரை ஆயராக்கினார். அமெரிக்க கான்சலும் வந்திருந்து பார்த்தார்.

அந்த ஒருநாள் சடங்கிலிருந்து கிளம்பிய வரிசை எங்கெங்கோ போயிற்று. விலாத் பலரை ஆயராக்கினார்; அவர்கள் இன்னும் பலரை. 1921-ல் சிகாகோவில் அவர் கைவைத்த ஜார்ஜ் அலெக்சாண்டர் மக்வயர், கறுப்பின மக்களுக்கான ஆப்பிரிக்க ஆர்த்தடாக்ஸ் சபையின் முதல் ஆயர். இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தங்களைச் 'சுதந்திரக் கத்தோலிக்கர்' என்று சொல்லிக்கொள்ளும் சிறு சபைகள் பலவற்றின் ஆயர்கள், தங்கள் வம்சாவளியில் கொழும்பையும் கோட்டயத்தையும் எழுதி வைத்திருக்கிறார்கள். சில சபைகளில் பின்னால் உட்காரும் விசுவாசிகளைவிட முன்னால் நிற்கும் ஆயர்களே அதிகம் என்ற கேலியும் உண்டு.

இந்தப் பட்டங்கள் செல்லுமா? மேற்கே புனித அகுஸ்தீன் காலத்திலிருந்து வரும் எண்ணம் ஒன்று உண்டு. வீட்டார் சம்மதமில்லாமல் நடந்த கல்யாணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குடும்பம் ஒதுக்கி வைக்கலாம். ஆனால் கல்யாணமே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. அப்படித்தான் ஆயர்பட்டமும்: சடங்கும் நோக்கமும் சரியாக இருந்தால் முறைகேடு உண்டு, பட்டமும் உண்டு. சுதந்திர சபைகள் பிடித்துக்கொண்டிருப்பது இந்த நூலைத்தான். அதே அளவுகோலால் அளந்து, ஆங்கிலிக்கன் சபையின் பட்டங்கள் அறவே செல்லாது என்று 1896-ல் லியோ அறிவித்தார். நம் சி.எஸ்.ஐ. பேராயர்கள் வருவது அந்த ஆங்கிலிக்கன் வரிசையில்; அவர்கள் அதற்காகத் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை.

கிழக்குச் சபைகளின் கணக்கு வேறு. சபையை விட்டு வெளியே போனபின் கைக்கு மட்டும் தனியாகச் சக்தி கிடையாது என்பார்கள். 1938-ல் அந்தியோக்கிய சிரியன் சபை, விலாத் வழியில் வந்ததாகச் சொல்லிக்கொள்வோருக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்று பகிரங்கமாகக் கைகழுவிற்று. விலாத் அதற்கு முன்பே, 1925-ல் ரோமுடன் சமாதானமாகி, பிரான்சில் ஒரு துறவு மடத்தில் ஒதுங்கி, 1929-ல் இறந்துபோனார். தான் தொடங்கிய வரிசையைத் தானே விட்டுவிட்டார்.

அல்வாரிஸ் விடவில்லை. கோவாவில் அவரைக் கைது செய்து, ஆயர் உடையைக் களைந்து, அரசுக்கு எதிரி என்று வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் விடுதலை செய்தது. அந்த உடையை மட்டும் மறுபடி போடக்கூடாது என்றார்கள். கறுப்பு அங்கியோடு பனாஜியில் தங்கி, கைவிடப்பட்டவர்களுக்கும் தொழுநோயாளிகளுக்கும் சோறு போட்டார். கையில் காசு தீர்ந்தபோது அவர்களுக்காகக் கடைத்தெருவில் பிச்சை கேட்டார். நோய்ப்பட்டு ரிபந்தர் மருத்துவமனையில் கிடந்தபோதும் ரோமுக்குத் திரும்ப மறுத்துவிட்டார். 1923 செப்டம்பர் 23-ல் இறந்தார். கத்தோலிக்கச் சடங்கு கிடையாது. ஆனால் ஏழை ஜனம் திரண்டு வந்து வழியனுப்பியது.

நான்கு வருடம் கழித்து நண்பர்கள் எலும்புகளை எடுத்து, அதே கல்லறைத் தோட்டத்தில் சிலுவை நட்டு மறுபடி அடக்கம் செய்தார்கள். நெடுங்காலத்துக்குப் பிறகு ஆர்த்தடாக்ஸ் சபையினர் அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, ரிபந்தரில் உள்ள தங்கள் ஆலயத்துக்குக் கொண்டுபோனார்கள். நண்பர்கள் பதித்த கல்லில் மனிதநேயம் மிக்க மிஷனரி, பெரிய தேசபக்தர் என்று போர்ச்சுகீசிய மொழியில் பொறித்திருந்தது. பெயருக்கு முன்னால் 'பாதிரி' என்று மட்டும் இருந்தது.