பிள்ளை வளர்கிறான், ஸ்டென்ட் வளருமா?

சட்டை சின்னதாகிப் போனால் கழற்றிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம். கைக்குழந்தையின் இதயத்துக்குப் பக்கத்தில், ரத்தக் குழாய்க்குள் வைத்த 'ஸ்டென்ட்' சின்னதாகிப் போனால்?

டாக்டர்களைப் பல ஆண்டுகளாக ஆட்டிப் படைத்த கேள்வி இது!

காலில் நாடி இல்லை

இதயத்தில் இருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டு போகும் பெரிய குழாய், மகாதமனி. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இது ஓரிடத்தில் சுருங்கி இருக்கும். கையில் ரத்த அழுத்தம் ஏறும். காலில் குறையும். தொடை இடுக்கில் தொட்டுப் பார்த்தால் நாடி லேசாகத்தான் தெரியும். சுருக்கம் கடுமையாக இருந்தால் உயிருக்கே ஆபத்து.

1944-ல் சுவீடன் டாக்டர் கிளாரன்ஸ் கிராபோர்டு, சுருங்கிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டு இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தார். பிறகு பலூன் சிகிச்சை வந்தது. தொடை வழியாகப் பலூனை அனுப்பி, ஊதி, குழாயை விரித்தார்கள். ஆனால் சிலருக்குக் குழாய் மறுபடியும் சுருங்கியது.

அதைத் தாங்கிப் பிடிக்க வந்ததுதான் ஸ்டென்ட் என்ற உலோக வலை. பிறவி இதயக் கோளாறுகளுக்கு இதைப் பயன்படுத்திய முன்னோடிகளில் ஒருவர், அமெரிக்காவில் ஹூஸ்டன் நகர டாக்டர் சார்லஸ் மல்லின்ஸ்.

வேலியே பயிரை மேய்ந்தது

பெரியவர்களின் மகாதமனி சுமார் 2 செ.மீ. அகலம். பிறந்த குழந்தைக்கு அதில் பாதிகூட இராது. சின்ன ஸ்டென்ட்டை ஓரளவுக்கு மேல் விரிக்க முடியாது. பிள்ளை வளர வளர, அந்த வலையே புதிய அடைப்பாகிவிடும்!

சரி, பெரிதாகவே வைத்தால்? அதை ஏற்றிச் செல்லும் குழாய் பிஞ்சுத் தொடைக்குள் நுழையாது.

வந்தது வழி

குழந்தைகளுக்கென்றே அமெரிக்காவில் உருவானது 'மினிமா' ஸ்டென்ட். மகாதமனியிலும், நுரையீரலுக்குப் போகும் குழாயிலும் உள்ள சுருக்கத்துக்கு இதைப் பயன்படுத்த, அந்நாட்டு அரசு 2024-ல் அனுமதி கொடுத்தது. மெல்லிய குழாய் வழியே உள்ளே போகும். குழந்தை வளர்ந்தபின் பெரிய பலூனை விட்டு மேலும் விரிக்கலாம். பெரியவர்களின் அளவு வரை விரியும்!

ஒன்றை மறக்கக் கூடாது. இது தானாக விரியாது. டாக்டர்தான் விரிக்க வேண்டும். "வெச்சாச்சு, இனி கவலை இல்லே" என்று பெற்றோர் வீட்டில் இருந்துவிட்டால் வந்தது வினை! சொன்ன தேதியில் பரிசோதனைக்குப் போயே ஆகவேண்டும். விரிக்கும்போது குழாய்ச் சுவர் கிழியும் ஆபத்தும் உண்டு. எல்லாக் குழந்தைக்கும் இது பொருந்தாது. சிலருக்கு ஆபரேஷன்தான் வழி.

ஆனாலும், "மறுபடியும் நெஞ்சைக் கிழிக்கணுமா டாக்டர்?" என்று கலங்கும் தாய்மார்களில் சிலரிடமாவது, "வேண்டாம்மா, பலூனே போதும்" என்று சொல்ல இப்போது வழி பிறந்திருக்கிறது.