வழுவும் விடையும்

தமிழிலக்கணம் சொல்லாட்சியை வழாநிலை, வழு, வழுவமைதி என மூவகையாகக் காணும். பிழையின்றி நிற்பது வழாநிலை. பிழைபட நிற்பது வழு. பிழையே ஆயினும் காரணம் கருதி ஏற்கப்படுவது வழுவமைதி. வழுவினை ஏழாக வகுத்த நன்னூலார், வினாவுக்குப் பொருந்தா விடையையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். மென்பொருளில் நேரும் பிழையையும் இன்று தமிழில் 'வழு' என்றே குறிக்கின்றனர். அவ்வழுவைத் தெரிவித்தவர்க்கும் திருத்துபவர்க்கும் இடையே மின்னஞ்சல் விடைகள் முறையாகச் சென்று சேருமாறு அமைப்பது எவ்வாறு என்பதை ஈண்டுக் காண்போம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் கணிப்பொறி நிறுவனங்களில் பணியேற்கவிருக்கும் நம் மாணவர்க்கு இது பயன்படும்.

பதிவேடும் எண்ணும்

பெரிய மென்பொருள் ஒன்றில் வழுக்கள் ஆயிரக்கணக்கில் வெளிப்படும். அவற்றை நினைவில் வைத்துத் திருத்துதல் இயலாது. ஆகவே வழுப்பதிவேடு ஒன்று பேணப்படுகிறது. ஒவ்வொரு வழுவுக்கும் ஓர் எண் உண்டு. தெரிவித்தவர் யார், பொறுப்பேற்றவர் யார், இன்றைய நிலை யாது என்பன அவ்வெண்ணின்கீழ் நிற்கும். இம்முறை நமக்குப் புதியதன்று. ஆவடியிலோ பூவிருந்தவல்லியிலோ அரசு அலுவலகத்தில் மனு அளித்தவர் இதனை அறிவர். அங்கிருந்து வரும் கடிதத்தில் 'ந.க. எண்' இருக்கும், 'பார்வை' என்பதன்கீழ் முந்தைய கடிதங்கள் குறிக்கப்பெற்றிருக்கும். இவை இல்லாத கடிதம் எக்கோப்பைச் சேர்வது எனத் தெரியாது அலையும்.

மூன்று வழிகள்

மின்னஞ்சலுக்கும் இவ்விடர் உண்டு. இதனை நீக்க மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, பொருள் வரியில் வழுவின் எண்ணை இடுதல். இது எளிது; ஆயின் விடை எழுதுபவர் அவ்வரியை மாற்றிவிட்டால் தொடர்பு அறும். இரண்டாவது, முகவரியிலேயே எண்ணைச் சேர்த்தல். பொருள் வரி எவ்வாறு மாறினும் மடல் உரிய இடத்தைச் சேரும். மூன்றாவது, கண்ணுக்குத் தோன்றாத தலைப்பு வரிகளைப் பயன்கொள்ளுதல். ஒவ்வொரு மடலும் தனக்கென ஓர் அடையாளம் பெறுவதையும், விடைமடல் தான் எம்மடலுக்கு விடை என்பதைச் சுட்டுவதையும் 1982ஆம் ஆண்டின் மின்னஞ்சல் நெறிமுறையே வகுத்துள்ளது. 'பார்வை' செய்யும் பணியை இவ்வரி செய்கிறது. மூன்றனையும் ஒருங்கே அமைப்பதே பாதுகாப்பானது.

டெபியன் காட்டும் நெறி

இதற்குச் சிறந்த சான்று டெபியன் என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டம். 1993இல் தோன்றிய இத்திட்டத்திற்கு, இயன் ஜாக்சன் 1994இல் உருவாக்கிய வழுப்பதிவேடு முற்றிலும் மின்னஞ்சலையே வாயிலாகக் கொண்டது. வழுவைக் குறித்து மடல் விடுத்தால், எண்ணிட்ட ஒப்புகை திரும்ப வரும். பின் அவ்வெண்ணையே முகவரியாகக் கொண்டு யாரும் எழுதலாம். வழு திருத்தப்பட்டதும், எண்ணோடு 'முடிந்தது' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லைச் சேர்த்த முகவரிக்குப் பொறுப்பாளர் விளக்கம் எழுதுவார். அம்மடலின் படி, குறையைத் தெரிவித்தவர்க்கே செல்லும். அவர் அறியாமல் கோப்பை மூடும் வழக்கத்திற்கு அங்கு இடமில்லை. திருத்த இயலாது எனக் கருதும் வழுவுக்கும் தனிக் குறியீடு உண்டு; அதனை நாம் வழுவமைதி எனலாம்.

கருத்தில் கொள்ள வேண்டியவை

இவ்வமைப்பை நிறுவுவோர் சிலவற்றில் விழிப்பாக இருத்தல் வேண்டும். 'விடுமுறையில் உள்ளேன்' எனத் தானே விடைதரும் மடலுக்குப் பதிவேடும் தானே விடையிறுத்தால், இரண்டும் முடிவின்றி மாறி மாறி எழுதிக்கொண்டிருக்கும். ஆதலின் தானியங்கி மடல்களை இனங்கண்டு ஒதுக்குதல் இன்றியமையாதது. அனுப்புநர் முகவரியைப் பொய்யாக இடுதல் எளிதாகலின், மடல் வந்த அளவிலேயே மறைபொருட்களை வெளியிடுதல் கூடாது. விடையின் அடியில் தொடரும் பழைய மடல்களின் படியை நீக்கிப் பதிதல் நலம். மின்னஞ்சலின் பொருள் வரி தொடக்கத்தில் ஆங்கில எழுத்துகளுக்கே அமைந்தது. தமிழ் எழுத்துகள் குறியீடாக மாற்றப்பெற்றே அதில் செல்வது பெருவழக்கு. அக்குறியீட்டை மீண்டும் எழுத்தாக்கிப் படிக்குமாறு அமைக்காவிடின், தமிழில் எழுதியவரின் குறை வெறும் குறியீட்டுக் குவியலாய்க் கிடக்கும்.

நிறுவனங்கள் பலவற்றிலிருந்து வரும் மடல்களில் 'இம்முகவரிக்கு விடை எழுதற்க' என்னும் குறிப்பைக் காண்கிறோம். கணிப்பொறி அறியாத முதியவர் ஒருவர் அதனைக் கவனியாது தம் குறையை அதே முகவரிக்கு எழுதிவிட்டுக் காத்திருப்பார். அதனை எவரும் படிப்பதில்லை என்பதை அவர் அறியார். வினாவுக்குப் பொருந்தா விடையையே வழு என்றது இலக்கணம். விடையே இல்லாமையை என்னென்பது? மாணவச் செல்வங்களே! நாளை இத்தகு அமைப்பை நிறுவும் பொறுப்பு உங்கள் கைக்கு வரலாம். அன்று, எழுதியவர் எவராயினும் அவர் மடல் உரிய கோப்பைச் சேரவும், கோப்பு மூடப்படும்போது காரணம் அவரைச் சென்றடையவும் வழிசெய்யுங்கள். அதுவே வழாநிலை.