கையால் ஒரு கணினி – 6: மஞ்சள் பன்னிரண்டு, சிவப்பு ஐந்து

சென்ற வாரம் மதர்போர்ட்டைப் பெட்டிக்குள் வைத்துத் திருகினோம். இனி அதற்குக் கரண்ட் கொடுக்க வேண்டும். மல்லாவியில் இருந்து கணினி கட்டுகிறவர்கள் இந்த வேலையில் இன்னும் கவனமாக இருப்பது நல்லது. போர்ட் எரிந்தால், வேறொன்று தேடி மாங்குளம் சந்திக்கு வந்து ஏ9 வீதியில் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ பஸ் ஏற வேண்டி வரும்.

பொருளாதாரத் தடைக்காலத்தில் வன்னியில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டார்கள். ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். எத்தனை வோல்ட், எது பிளஸ், எது மைனஸ் என்று பார்த்துத் தொடுக்கும் பழக்கம் அப்போதே இங்கு வந்துவிட்டது. இன்றைய வேலைக்கும் அதுதான் அடிப்படை.

சுவரில் இருப்பது 230 வோல்ட் ஆடலோட்டம். பவர் சப்ளை அதை நேரோட்டமாக மாற்றித் தருகிறது: மஞ்சள் வயரில் 12 வோல்ட், சிவப்பில் 5, செம்மஞ்சளில் 3.3. கறுப்பு எல்லாவற்றுக்கும் பொதுவான தரை. ஊதா வயரில், கணினியை நிறுத்திய பிறகும் 5 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். ஆகவே பிளக்கைக் கழற்றிவிட்டே கை வையுங்கள். புதிய சப்ளைகள் பலவற்றில் வயர் முழுவதும் கறுப்பு. நிறத்தை நம்ப வழியில்லை.

பழைய கணினிகளில் போர்ட்டுக்கு இரண்டு ஆறு பின் பிளக்குகள் பக்கத்துப் பக்கமாகப் போகும். கறுப்பு வயர்கள் நடுவில் சேர வேண்டும். இடம் மாறினால் போர்ட் போய்விடும். 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். முறை அந்த ஆபத்தை ஒழித்தது. முதலில் 20 பின், பின்னர் 24 பின். ஒரே பிளக், ஒரே திசை. கொளுக்கி 'கிளிக்' என்று விழும்வரை அழுத்துங்கள்.

பலர் மறப்பது புரொசசருக்கு அருகிலுள்ள 4 அல்லது 8 பின் இணைப்பை. அது இல்லாவிட்டால் விசிறி சுற்றும், திரை இருண்டே கிடக்கும். கிராபிக்ஸ் கார்ட்டுக்கான 8 பின் பிளக்கும் பார்வைக்கு அதே போலத்தான், ஆனால் 12 வோல்ட்டும் தரையும் அதில் மறுபக்கம். முன்னது 4+4 ஆகப் பிரியும், பின்னது 6+2 ஆக. போகவில்லை என்றால் பலவந்தம் வேண்டாம், பிளக்கில் உள்ள எழுத்தை வாசியுங்கள்.

கழற்றிப் பூட்டும் கேபிள்களில்தான் எனக்குப் பெரும் பயம். போர்ட் பக்கத்து முனைக்குத்தான் பொது நியமம் உண்டு. சப்ளை பக்கத்து முனையைக் கம்பனிகள் தத்தம் விருப்பப்படி அமைக்கின்றன. நண்பரின் பழைய சப்ளையின் கேபிள் உங்களுடையதில் அழகாகப் பொருந்தும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்துக்கு 12 வோல்ட் போய் ஹார்ட் டிஸ்க்கைக் கொன்றுவிடும். ஒரு சப்ளைக்கு அதனோடு வந்த கேபிள் மட்டுமே.

சாம்பல் வயரையும் பாருங்கள். வோல்ட்டுகள் நிலைபெற்றதும் சப்ளை அதன் வழியாக "சரி" என்று போர்ட்டுக்குச் சொல்லும். அதன் பிறகே புரொசசர் வேலை தொடங்கும். கரண்ட் தளர்ந்தால் அந்தச் சைகை விழும், கணினி தானாக மீண்டும் தொடங்கும். சப்ளை தன் சேமிப்பில் தாக்குப்பிடிப்பது ஒரு செக்கனில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுதான். அந்த இடைவெளியை நிரப்பும் யூ.பி.எஸ்ஸைத் தெரிவது எப்படி என்று அடுத்த வாரம் பார்ப்போம்.