சீயக்காய் விற்பவர் கவனத்திற்கு

நாட்டு மருந்துக் கடைக்கும் மளிகைக் கடைக்கும் பொதுவான சரக்குகளில் சீயக்காய் ஒன்று. மயிலாப்பூர் கச்சேரி சாலையில் நூறாண்டு கடந்த டப்பா செட்டி கடையைத் தேடிப் போகிறவர்கள் மட்டுமல்ல, தி.நகர், அடையாறு மளிகைக் கடைகளிலும் இதைக் கேட்பவர்கள் உண்டு. "முடி மெலிசா இருக்கு, கொட்டுது, கடுமையில்லாததா குடுங்க" என்பார்கள். இவர்களுக்கு எதைக் கொடுப்பது என்று தெரிந்த வியாபாரிக்கு வாடிக்கை நிலைக்கும்.

சீயக்காயில் நுரை தருவது சபோனின் என்ற பொருள். பூந்திக்கொட்டையிலும் அது நிறைய உண்டு. அழுக்கு போகும், ஆனால் முடி வறண்டுவிடும். ஆகவே மெல்லிய முடிக்காரருக்குப் பூந்திக்கொட்டையைக் குறைத்து, பச்சைப்பயறு, வெந்தயம், காய்ந்த செம்பருத்தி இலை கூட்டி அரைப்பதே நல்லது. கொங்குப் பக்கத்து அரப்புத் தூளும் மென்மையானதுதான். தூள் கொரகொரப்பாக இருந்தால் மெல்லிய முடியில் ஒட்டிக்கொண்டு அலசினாலும் போகாது. இரண்டு முறை சலிக்க வேண்டும். காயாக வாங்கிக் கொதிக்கவைத்து வடிகட்டிய நீரில் அலசுவது இன்னும் மேல். கண்ணில் பட்டால் எரியும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். மிளகாய் அரைத்த கையோடு சீயக்காய் அரைக்கும் மில்லுக்கு மட்டும் அனுப்பாதீர்கள். மண்டை எரிந்தால் பழி நம் கடைக்குத்தான்!

1983-ல் கடலூரில் சி.கே. ரங்கநாதன் தொடங்கிய சிக் ஷாம்பு, பாக்கெட் பாக்கெட்டாக நம் கடைகளில் சரம் தொங்கியதை மூத்த உறுப்பினர்கள் அறிவார்கள். அதே நிறுவனம் (1998 முதல் கெவின்கேர்) பிறகு மீரா சீயக்காய்த் தூளையும் விற்றது. ஷாம்பு விற்றவரே சீயக்காய்க்கு வந்தார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்புவுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது. இனி விலையில் போட்டி போடுவது நமக்குக் கட்டாது. சரக்கின் தரத்தில்தான் முடியும்.

சொந்தமாகப் பாக்கெட் போடுகிறவர்கள் 2011-ம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளின்படி பெயர், முகவரி, நிகர எடை, மாதம், வருடம், அதிகபட்ச சில்லறை விலை ஆகியவற்றை அச்சிட வேண்டும். "வழுக்கையில் முடி வளரும்" என்று யார் சொன்னாலும் லேபிளில் போட வேண்டாம். மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணையில் வழுக்கையும் இருக்கிறது. அதைக் குணப்படுத்துவதாகச் சொல்லி மருந்து விற்கக் கூடாது. திடீரென்று கொத்துக் கொத்தாக முடி கொட்டுவதாகச் சொல்பவரிடம் பாக்கெட்டைத் தள்ளிவிடாமல், டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். ஒரு பாக்கெட் போனால் போகட்டும்.