சிப் ஆலையை எவ்வளவு பெருசா கட்டணும்? கோடிகளில் முடிவு பண்றது எப்படி?

விலை ஏறியிருக்குன்னு ஊரே மல்லாட்டை போட்டா என்ன ஆகும்னு ஒலக்கூர், திண்டிவனம் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. மூட்டை குவியும், விலை விழும். சிப் ஆலைகளுக்கும் இதே சிக்கல்தான். ஆனா மல்லாட்டை நாலு மாசத்துக்குள்ள கைக்கு வந்துடும். சிப் ஆலை கட்டி உற்பத்தியைத் தொடங்க சில ஆண்டுகள் ஆகும்.

கணக்கு எங்கே தப்புது?

2020 ஊரடங்கில் கார் நிறுவனங்கள் சிப் ஆர்டர்களைக் குறைத்தன. ஆலைகள் லேப்டாப், செல்போன் சிப்புகளுக்கு மாறின. கார் விற்பனை மீண்டபோது சிப் இல்லை. 2021 செப்டம்பரில் ஹரியானா, குஜராத் ஆலைகளின் உற்பத்தி வழக்கத்தில் 40 சதவீதமாகக் குறையலாம் என்றது மாருதி சுசூகி.

அடுத்த வருஷமே நிலைமை தலைகீழ். செல்போன், லேப்டாப் விற்பனை சரிந்து மெமரி சிப்புகள் தேங்கின. 2022 நவம்பரில் மைக்ரான் நிறுவனம் மெமரி உற்பத்தியை சுமார் 20 சதவீதம் குறைத்தது.

ஆலை சும்மா நின்றால்?

முதலீட்டில் பெரும்பகுதி இயந்திரங்களுக்கே போகும். அவை ஓடினாலும் நின்னாலும் வட்டியும் தேய்மானமும் ஏறிக்கிட்டே இருக்கும்.

அப்போ என்னதான் வழி?

* முதலில் கட்டடம், தூசியில்லா அறை. ஆர்டர் வர வர இயந்திரங்கள்.
* வாடிக்கையாளருடன் பல ஆண்டு ஒப்பந்தம், முன்பணம்.
* ஒரே துறையை நம்பாமல் கார், டிவி, செல்போன் எனப் பல துறைகளுக்கும் சிப் தயாரிப்பது.

நமக்கு இதில் என்ன?

குஜராத்தின் தோலேராவில் தைவானின் பிஎஸ்எம்சி உடன் டாடா கட்டும் ஆலையின் மதிப்பு ரூ.91,000 கோடி. மாதத்துக்கு 50,000 சிலிக்கான் தகடுகள் இலக்கு. செலவில் பாதி மத்திய அரசின் உதவி. அதாவது, கணக்கு தப்பினால் நம்ம வரிப்பணமும் மாட்டும்.

ஜெர்மனியின் மாக்டபர்க்கில் 3,000 கோடி யூரோவில் ஆலை கட்ட இருந்த இன்டெல், 2025 ஜூலையில் அதைக் கைவிட்டது. போதிய தேவை இல்லாமல் அவசரப்பட்டு அதிகம் முதலீடு செய்துவிட்டோம் என்றார் அதன் தலைவர் லிப்-பு டான்.

தமிழ்நாடு 2025-ல் அறிவித்த ரூ.500 கோடி செமிகண்டக்டர் இயக்கம் வேறு ரூட். சூலூர், பல்லடத்தில் சிப் இயந்திரத் தயாரிப்புப் பூங்காக்கள் அதில் உண்டு. சிப் ஆலை எந்த ஊரில் வந்தாலும் இயந்திரம் தேவைப்படும். ஆனா உலகம் முழுக்க ஆலைகள் விரிவாக்கத்தைத் தள்ளிப்போட்டால், அந்த ஆர்டரும் குறையும்.

அடுத்த முறை 'சிப் ஆலை வருது'ன்னு செய்தி வந்தா, எத்தனை கோடின்னு மட்டும் பார்க்காதீங்க. முதல் கட்டத்தில் எவ்வளவு உற்பத்தி, வாங்க யார் கையெழுத்து போட்டிருக்காங்கன்னும் பாருங்க. வேலை நிலைக்குமாங்கிறது அதில்தான் இருக்கு.