எழுதாத நோய்க்கு எண் இல்லை

கிழக்கு லண்டனில் பிளேஸ்டோ பகுதியின் கிளென் ரோட்டில் இருக்கிறது நியூஹாம் பல்கலைக்கழக மருத்துவமனை. ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குப் பழக்கமான இடம். சளி முற்றி மூச்சு வாங்கும் பெரியவரை அங்கே சேர்த்தால் டாக்டர், நர்ஸ், பிசியோதெரபிஸ்ட் என்று பலரைப் பார்ப்போம். நம் கண்ணில் படாத ஒருவரும் உண்டு: கிளினிக்கல் கோடர். நோயாளி வீடு திரும்பியபின் அவருடைய கேஸ் நோட்டை முழுக்கப் படித்து, என்ன நோய், கூடவே என்னென்ன கோளாறுகள், என்ன சிகிச்சை என்பதையெல்லாம் எண்களாக மாற்றுவது இவர் வேலை.

மெடிக்கல் கோடிங் என்றதும் சென்னையிலும் திருச்சியிலும் அமெரிக்க இன்சூரன்ஸ் பில்தான் நினைவுக்கு வரும். பிரிட்டனின் அரசு மருத்துவத்தில் நோயாளிக்கு பில் வருவதில்லை. ஆனாலும் எண் இல்லாமல் எதுவும் நகராது. மருத்துவமனைக்கு வரும் பணம், அதன் இறப்புக் கணக்கு, எந்த வட்டாரத்தில் எந்த நோய் கூடுகிறது என்ற கணிப்பு எல்லாம் அந்த எண்களை நம்பித்தான் இருக்கின்றன.

இந்த எண் பட்டியலின் வேரும் லண்டனில் இருக்கிறது. ஒரே நோய்க்கு மூன்று நான்கு பெயர்கள், ஒரே பெயரில் பல நோய்கள் என்றிருந்தால் எப்படிக் கணக்கெடுப்பது என்று 1839இல் குறைப்பட்டார், இங்கிலாந்தின் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் இருந்த வில்லியம் ஃபார். 1893இல் பிரான்சின் ஜாக் பெர்ட்டியோன் சர்வதேசப் பட்டியல் ஒன்றை முன்வைத்தார். 1948இல் உலக சுகாதார நிறுவனம் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பிரிட்டிஷ் மருத்துவமனைகள் கையாளும் பத்தாம் பதிப்பில் நுரையீரல், மூச்சுக்குழல் நோய்களுக்கு 'ஜே' எழுத்து.

எழுபது வயதுக்காரர் ஒருவர் கடும் நிமோனியாவோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். குறிப்பில் வெறும் 'நிமோனியா' என்றிருந்தால் எண் ஜே18.9. நிமோகாக்கஸ் கிருமியால் வந்தது என்று டாக்டர் எழுதியிருந்தால் ஜே13. சாப்பாடு புரையேறி நுரையீரலுக்குள் போனதால் என்றால் ஜே69.0. ஆஸ்பத்திரியில் இருக்கும்போது தொற்றியது என்றால் ஒய்95 கூடவே சேரும். 'கீழ்ச் சுவாசப்பாதைத் தொற்று' என்று மட்டும் எழுதியிருந்தால் ஜே22. அப்போது நிமோனியாக் கணக்கிலேயே அவர் வரமாட்டார்.

'கடும்' என்ற சொல்லுக்குத் தனி எண் இல்லை. மனக்குழப்பம், ரத்தத்தில் யூரியா, மூச்சு வேகம், ரத்த அழுத்தம், 65 வயது என்ற ஐந்தையும் பார்த்து டாக்டர்கள் மதிப்பெண் போடுவார்கள். மூன்றோ அதற்கு மேலோ வந்தால் கடுமை. அந்த மதிப்பெண்ணுக்கு எண் பட்டியலில் இடமில்லை. உடன் வந்த விளைவுகள்தான் கடுமையைக் காட்டும்: மூச்சுச் செயலிழப்புக்கு ஜே96.0, ரத்தத்தில் தொற்று பரவிய செப்சிஸுக்கு ஏ41, குழாய் செருகி வென்டிலேட்டர் வைத்ததற்குச் சிகிச்சைகளுக்கான தனிப் பட்டியலிலிருந்து ஈ85.1.

கோடரின் கையைக் கட்டும் விதி இங்கேதான் வருகிறது. எக்ஸ்ரேயில் வெள்ளைத் திட்டு, ஆக்சிஜன் அளவு 84 சதவீதம், ஊசி வழியே ஆன்டிபயாடிக் என்று எல்லாம் நோட்டில் இருக்கலாம். படித்த மாத்திரத்தில் கோடருக்கு விஷயம் புரிந்துவிடும். ஆனாலும் டாக்டர் 'நிமோனியா' என்றோ 'மூச்சுச் செயலிழப்பு' என்றோ எழுதாதவரை அந்த எண்களை அவர் போடக்கூடாது. 'நிமோனியாவாகக் கருதி சிகிச்சை' என்றிருந்தால் போடலாம். 'நிமோனியாவாக இருக்கலாம்' என்றிருந்தாலோ, பெயருக்கு முன்னால் கேள்விக்குறி இருந்தாலோ, இருமல், மூச்சுத்திணறல் போன்ற அறிகுறிகளுக்குத்தான் எண். அமெரிக்க விதி வேறு: உள்நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது 'சந்தேகம்' என்று எழுதியிருந்தாலும் நோய் இருப்பதாகவே எண் போடுவார்கள். சந்தேகம் வந்தால் பிரிட்டனில் டாக்டரைக் கேட்கலாம். அதுவும் பதிலைக் கேள்விக்குள்ளேயே வைக்காமல் கேட்க வேண்டும்.

நோட்டில் விட்டுப்போன ஒரு வரி மருத்துவமனையின் பெயரையே பாதிக்கலாம். இங்கிலாந்தில் ஒவ்வொரு மருத்துவமனை நிர்வாகத்திலும் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை, எத்தனை பேர் இறந்திருக்கக்கூடும் என்ற கணிப்போடு ஒப்பிட்டு வெளியிடுகிறார்கள். சிகிச்சையின்போது நேரும் இறப்போடு, வீடு திரும்பி 30 நாளுக்குள் நேரும் இறப்பும் இதில் சேரும். வயதும் முக்கிய நோயும் உடன் இருக்கும் கோளாறுகளும் அந்தக் கணிப்பைத் தீர்மானிக்கின்றன. இதயச் செயலிழப்பும் சிறுநீரகக் கோளாறும் உள்ள நிமோனியா நோயாளியின் நோட்டில் அவை விட்டுப்போனால், பிழைத்திருக்க வேண்டியவராகவே கணக்கு அவரைப் பார்க்கும். அவர் இறந்தால் பழி சிகிச்சையின் மேல் விழும்.

2020 வசந்தத்தில், இந்த மருத்துவமனை இருக்கும் நியூஹாம் வட்டாரம் எண்களின் கனத்தை நேரிலேயே கண்டது. புதிய நோய்க்கு உலக சுகாதார நிறுவனம் அவசரமாக இரண்டு எண்களைத் திறந்தது: பரிசோதனையில் கொரோனா உறுதியானால் யு07.1, உறுதியாகாமல் டாக்டரின் கணிப்பு மட்டும் என்றால் யு07.2. இறப்புச் சான்றிதழ்களில் டாக்டர்கள் எழுதியதை வைத்து, மார்ச் 1 முதல் ஏப்ரல் 17 வரைக்கான கணக்கைத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் வெளியிட்டது. வயது வேறுபாட்டைச் சரிசெய்து பார்த்தபோது லட்சத்துக்கு 144.3 இறப்புகள், இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதிலும் நியூஹாமில்தான் அதிகம்.

அந்தக் கணக்கில் தமிழர் எத்தனை பேர் என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. மருத்துவமனைப் பதிவிலும் அதே நிலைதான்: இனப் பிரிவுக்கு இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர் என்று கட்டங்கள் உண்டு. இலங்கைத் தமிழருக்குத் தனிக் கட்டம் கிடையாது. 'மற்ற ஆசியர்' என்ற கட்டத்துக்குள்தான் பெரும்பாலும் போக வேண்டியிருக்கிறது.

நம்மால் ஆகக்கூடியதும் உண்டு. அப்பாவையோ அம்மாவையோ சேர்க்கும்போது சர்க்கரை, இதய நோய், பழைய காசநோய், சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். வீடு திரும்பும்போது தரும் டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிப் படியுங்கள். 'நெஞ்சில் தொற்று' என்று மட்டும் இருந்து, வார்டில் டாக்டர் நிமோனியா என்று சொல்லியிருந்தால், அதை எழுதித் தரும்படி அங்கேயே கேளுங்கள். அந்தத் தாள் குடும்ப டாக்டருக்கும் போகும். அடுத்த முறை மூச்சு வாங்கும்போது அவர் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.